‘அது மாதிரிதானே இதுவும்?’: ஒப்புமை வாதம் எங்கே உடைகிறது

2025 ஜூன் மாதக் கடைசியில், அமெரிக்காவின் வடக்கு கலிபோர்னியா மாவட்ட நீதிமன்றத்தில் இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு தீர்ப்புகள் வந்தன. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் தங்கள் மொழி மாதிரிகளை (எழுத்தை உருவாக்கும் கணினி நிரல்களை) பயிற்றுவிக்க, எழுத்தாளர்களின் புத்தகங்களை அனுமதி வாங்காமல் பயன்படுத்தலாமா என்பதே இரண்டு வழக்கிலும் அடிப்படைக் கேள்வி.

ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் மீதான வழக்கில் நீதிபதி வில்லியம் ஆல்சப் பள்ளிப் பிள்ளைகளை உதாரணம் காட்டினார். பிள்ளைகளுக்கு நன்றாக எழுதக் கற்றுக்கொடுத்தால் போட்டிப் புத்தகங்கள் பெருகிவிடும் என்று புகார் சொல்வதற்கும், எழுத்தாளர்கள் இங்கே சொல்லும் புகாருக்கும் வேறுபாடு இல்லை என்றார். மெட்டா நிறுவனத்தின் மீதான வழக்கில் நீதிபதி வின்ஸ் சாப்ரியா அந்த ஒப்புமையையே தள்ளினார். பிள்ளைகளுக்கு எழுதச் சொல்லித்தருவது ஒன்று, ஒரே ஆள் கணக்கற்ற போட்டிப் படைப்புகளை மிகக் குறைந்த நேரத்தில், மிகக் குறைந்த படைப்பாற்றலில் உருவாக்க உதவும் ஒரு பொருளைத் தயாரிப்பது முற்றிலும் வேறொன்று என்றார்.

பயிற்சி என்ற அளவில் இரண்டு தீர்ப்புமே நிறுவனங்களுக்குச் சாதகமாகத்தான் முடிந்தன. ஆல்சப், திருட்டுப் பிரதிகளைச் சேர்த்து வைத்ததைத் தனியாகப் பிரித்து அதை ஏற்க மறுத்தார். சாப்ரியா, சந்தைக்கு நேர்ந்த இழப்பை நிரூபிக்கும் ஆதாரத்தை வழக்குத் தொடுத்தவர்கள் கொண்டுவரவில்லை என்ற காரணத்தால்தான் மெட்டாவின் பக்கம் தீர்த்தார். செய்தியைப் படித்த பலருக்குக் குழப்பம் வந்தது வேறோர் இடத்தில். சட்டம் தெரிந்த இரண்டு பேர், ஒரே ஒப்புமையைப் பார்க்கிறார்கள். ஒருவருக்கு அது வெளிப்படையான உண்மை, இன்னொருவருக்குக் கொஞ்சமும் பொருந்தாத பேச்சு. அப்படியானால் ஓர் ஒப்புமை பொருந்துகிறதா இல்லையா என்பதை எதை வைத்து முடிவுசெய்வது?

அடிப்படை: நான்கு படிகள், காணாமல் போன ஒரு வரி

தெரிந்த பொருளை உவமானம் என்போம். விவாதத்துக்கு வந்திருக்கும் பொருளை உவமேயம் என்போம். எந்த ஒப்புமை வாதத்தையும் பிரித்துப் பார்த்தால் கிடைப்பது இதுதான்:

1. உவமானத்துக்கு இன்னின்ன தன்மைகள் உண்டு.
2. உவமேயத்துக்கும் அதே தன்மைகள் உண்டு.
3. உவமானத்துக்குக் கூடுதலாக இன்னொரு தன்மையும் உண்டு.
4. ஆகவே அந்தக் கூடுதல் தன்மை உவமேயத்துக்கும் இருக்கும்.

மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது: ‘முதலில் சொன்ன தன்மைகள் இருந்தால், அந்தக் கூடுதல் தன்மையும் வந்தே தீரும்.’ வாதத்தின் முழுச் சுமையும் இந்த வரியின் மேல்தான் நிற்கிறது. ஒப்புமை சொல்பவர் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. சொல்லாததால் யாரும் அதைச் சோதிப்பதும் இல்லை.

கவிதையில் இந்த வரி தேவைப்படாது. உவமை எந்த இடத்தில் தோன்றும் என்பதைத் தொல்காப்பியம் வினை, பயன், மெய், உரு என நான்காகப் பிரிக்கிறது. இவற்றில் ஏதோ ஒன்றில் ஒத்துப்போனால் உவமை நிற்கும். முகம் நிலவு போல இருக்கிறது என்பதைக் கேட்டு, ‘அப்படியானால் பதினைந்து நாளில் தேயுமா?’ என்று யாரும் கேட்பதில்லை. விவாதத்தில் வரும் ஒப்புமை அப்படி ஓர் இடத்தில் நின்றுவிடாது. ஒரு தன்மையில் ஒத்திருப்பதைக் காட்டிவிட்டு, இன்னொரு தன்மையையும் ஒத்துக்கொள்ளச் சொல்லும்.

நம் தருக்க மரபு இதைத் தெளிவாகவே பார்த்திருக்கிறது. மணிமேகலையின் 29-ஆம் காதையில் வரும் பௌத்த அளவை விளக்கத்தில், மலையில் நெருப்பு இருக்கிறது என்று நிறுவும் உதாரணம் உண்டு. புகை இருக்கிறது, ஆகவே நெருப்பு இருக்கிறது, அடுக்களை போல. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: மலைக்கும் அடுக்களைக்கும் தோற்றத்தில் ஓர் ஒற்றுமையும் கிடையாது. அளவு வேறு, பயன் வேறு, உருவம் வேறு. இருந்தும் வாதம் நிற்கிறது. ஏனென்றால் அதைத் தாங்குவது ஒற்றுமை அல்ல, ‘புகை இருக்கும் இடத்தில் நெருப்பு இருக்கும்’ என்ற பொது விதி. அந்த விதி கண்ணால் கண்ட ஓர் இடத்தைச் சுட்டத்தான் அடுக்களை. அதே காதை, உதாரணம் பிழையாகும் விதங்களைத் ‘திட்டாந்தப் போலி’ என்று தனி வகையாகவே எடுத்துப் பேசுகிறது. உதாரணம் தவறலாம், அதைச் சோதிக்க வேண்டும் என்ற எண்ணம் அவ்வளவு பழையது.

ஒற்றுமைகளை எண்ணுவதால் பயனில்லை

‘எத்தனை விஷயத்தில் ஒத்திருக்கிறது பாருங்கள்’ என்று பட்டியல் போடுவது ஒப்புமை வாதத்தின் வழக்கமான பலம். அறிவியல் வரலாற்றில் இரண்டு பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்த்தால், அந்தப் பலம் எவ்வளவு என்பது தெரியும்.

முதலாவது, ஒளியும் ஒலியும். ஒலி எதிரொலிக்கும், ஒளியும் பிரதிபலிக்கும். ஒலி அலையாகப் பரவுகிறது, ஒளியும் அப்படியே. குறுக்கிடும்போது இரண்டுமே சில இடங்களில் வலுக்கும், சில இடங்களில் மங்கும். ஒலி பரவக் காற்றோ நீரோ ஏதாவது ஓர் ஊடகம் வேண்டும். ஆகவே ஒளிக்கும் ஓர் ஊடகம் வேண்டும். அதற்கு ஈதர் என்று பெயரும் வைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் மிகச் சிறந்த இயற்பியலாளர்கள் பலர் ஈதர் இருக்கிறது என்றே நம்பினார்கள். 1887-இல் மைக்கெல்சனும் மோர்லியும் ஈதருக்குள் பூமி நகர்வதை அளக்க முயன்றார்கள். எதிர்பார்த்த விளைவு கிடைக்கவில்லை. 1905-இல் ஐன்ஸ்டைன், ஈதர் என்ற ஒன்று தேவையே இல்லாத கோட்பாட்டை முன்வைத்தார். பட்டியலில் இருந்த ஒற்றுமைகள் ஒன்றும் பொய்யில்லை. அந்த ஒற்றுமைகளிலிருந்து ஊடகம் என்ற முடிவுக்குப் போகும் பாதைதான் இல்லை.

இரண்டாவது, மின்னலும் மின்பொறியும். 1749-இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இவை இரண்டுக்கும் பன்னிரண்டு ஒற்றுமைகளைக் குறித்து வைத்தார்: வெளிச்சம், அதன் நிறம், வளைந்து நெளிந்த பாதை, வேகம், உலோகத்தின் வழியே கடத்தப்படுவது, வெடிக்கும் சத்தம், கந்தக வாடை என்று நீளும் பட்டியல். மின்பொறியைக் கூர்முனை ஈர்க்கும் என்பது அவருக்குத் தெரியும். மின்னலுக்கு அது உண்டா என்று தெரியாது. பன்னிரண்டில் ஒத்துப்போவதால் பதிமூன்றாவதிலும் ஒத்துப்போகும் என்று அவர் முடிவுகட்டியிருக்கலாம். அவர் எழுதியது, சோதனை செய்து பார்க்க வேண்டும் என்று. 1752 மே மாதம் பிரான்சில் அவர் சொன்ன முறையில் உயரமான இரும்புக் கம்பி நட்டுச் சோதித்தார்கள். இடிமேகத்திலிருந்து மின்பொறி கிடைத்தது.

ஒன்று தோற்றது, ஒன்று வென்றது. பட்டியலின் நீளத்தை வைத்து எது வெல்லும் என்று முன்கூட்டியே சொல்லியிருக்க முடியாது. ஒப்புமை எதைத் தேடலாம் என்று கைகாட்டும். தேடிக் கண்டுபிடித்தது ஆகிவிடாது. ஃபிராங்க்ளினின் பெருமை அவர் ஒற்றுமையைக் கண்டதில் இல்லை, அதைக் கேள்வியாகவே வைத்திருந்ததில் இருக்கிறது என்பேன்.

வீட்டுக் கணக்கும் அரசுக் கணக்கும்

அரசியலில் அதிகம் புழங்கும் ஒப்புமை இது. வரவுக்கு மேல் செலவு செய்யும் குடும்பம் கடனில் மூழ்கும், அரசும் அப்படித்தான், ஆகவே நெருக்கடி வந்தால் அரசு செலவைச் சுருக்க வேண்டும். எந்த நாட்டிலும், எந்தக் கட்சியும் இதைச் சொல்லும். கேட்டவுடன் புரிகிறது என்பதுதான் இதன் ஆபத்து.

விடுபட்ட வரியை இங்கே எழுதிப் பார்ப்போம்: ‘செலவைக் குறைத்தால் வரவு மாறாமல் நிற்கும், ஆகவே மிச்சம் கூடும்.’ குடும்பத்துக்கு இது உண்மை. நான் செலவைக் குறைத்தால் என் சம்பளம் குறையாது, ஏனென்றால் சம்பளம் கொடுப்பவர் வேறொருவர். அரசுக்கு அப்படியில்லை. அரசின் செலவு யாரோ ஒருவருடைய வருமானம். அவர் வரி கட்டுகிறார், பொருள் வாங்குகிறார், விற்றவரும் வரி கட்டுகிறார். ஏற்கெனவே மக்கள் செலவைக் குறைத்துக்கொண்டிருக்கும் மந்தக் காலத்தில் அரசும் கையை இறுக்கினால், வரி வரவும் சேர்ந்து சுருங்கும். 2010-இல் தொடங்கிய கடன் நெருக்கடியில் கிரீஸ் அப்படித்தான் கடுமையாகச் செலவைக் குறைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் அதன் பொருளாதாரம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு சுருங்கியது. பொருளாதாரத்தின் அளவோடு ஒப்பிட்டால் கடன் சுமை குறையவில்லை, கூடியது.

இதைக் கேட்டுவிட்டு, ‘அப்படியானால் அரசு எவ்வளவு வேண்டுமானாலும் கடன் வாங்கலாம்’ என்று மறுபக்கம் சாய்வதும் அதே தவறுதான். ஒப்புமை உடைந்தால் அந்த வாதம் உடைகிறது. அதன் முடிவு பொய் என்று ஆகிவிடாது. அரசுக் கடனுக்கும் எல்லை உண்டு. பணவீக்கம் ஓர் எல்லை, அந்நியச் செலாவணியில் வாங்கிய கடன் இன்னோர் எல்லை.

கிரீஸின் கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. தன் நாணயத்தைத் தானே வெளியிடும் அரசு, அந்த நாணயத்தில் வாங்கிய கடனைக் கட்ட முடியாத நிலைக்குக் குடும்பத்தைப் போலத் தள்ளப்படாது. ஆனால் கிரீஸ் 2001-இலேயே யூரோவுக்கு மாறிவிட்டது. யூரோவை அதனால் தானாக வெளியிட முடியாது. ஆகவே ‘கடன் கொடுப்பவர் கையை விரித்தால் சிக்கல்’ என்ற அளவில் கிரீஸ் குடும்பத்தைப் போலவே இருந்தது. ‘செலவைக் குறைத்தால் மீளலாம்’ என்ற அளவில் இல்லை. ஒரே உவமானம், ஒரே உவமேயம், ஒரு முடிவுக்குப் பொருந்துகிறது, இன்னொன்றுக்குப் பொருந்தவில்லை. அதனால்தான் ‘இந்த ஒப்புமை சரியா?’ என்று பொதுவாகக் கேட்பது அரைகுறைக் கேள்வி. எந்த முடிவுக்காகச் சொல்லப்படுகிறது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

உவமானம் வினைச்சொல்லையும் தீர்மானித்துவிடும்

1954 ஏப்ரல் 7 அன்று அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் செய்தியாளர் சந்திப்பில் இந்தோசீனாவை (வியட்நாம், லாவோஸ், கம்போடியா அடங்கிய பகுதியை) பற்றிப் பேசும்போது, வரிசையாக நிறுத்தப்பட்ட டோமினோ கட்டைகளை எடுத்துக்காட்டினார். முதல் கட்டையைத் தட்டினால் கடைசிக் கட்டையும் விரைவில் விழும். ஒரு நாடு கம்யூனிஸ்டுகள் கைக்குப் போனால் அடுத்தடுத்த நாடுகளும் போகும் என்பது பொருள். வியட்நாம் போரை நியாயப்படுத்த இந்த ஒப்புமை பல ஆண்டுகள் உழைத்தது.

டோமினோ கட்டைக்கு வரலாறு கிடையாது. பக்கத்துக் கட்டையோடு பகை கிடையாது. எல்லாக் கட்டையும் ஒரே எடை. அதனால் செய்ய முடிந்த ஒரே வினை விழுவது, அடுத்ததைத் தள்ளுவது. உவமானத்தை ஏற்றுக்கொண்ட நொடியில், நாடுகளைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் மறைந்துவிடுகின்றன. பேசுபவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்த படத்தில் அந்தக் கேள்விகளுக்கு இடமே இல்லை.

1975-இல் தெற்கு வியட்நாமும் கம்போடியாவும் லாவோசும் கம்யூனிஸ்டுகள் வசம் போயின. கணிப்பு பலித்ததுதானே என்று கேட்கலாம். அந்த இரண்டு அண்டை நாடுகளும் ஏற்கெனவே அதே போருக்குள் இழுக்கப்பட்டிருந்தவை. தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா விழவில்லை. அதற்கப்புறம் நடந்ததுதான் உவமானத்துக்குள் அடங்கவே அடங்காது: 1978 டிசம்பரில் வியட்நாம் கம்போடியாவுக்குள் படையெடுத்தது, 1979 பிப்ரவரியில் சீனா வியட்நாமைத் தாக்கியது. மூன்றுமே கம்யூனிஸ்ட் அரசுகள். விழுந்த கட்டைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் என்று எந்த டோமினோ ஆட்டமும் சொல்லித்தராது.

ஒரு வரி ஒப்புமை, பல ஆண்டுச் சிறை

பேச்சுரிமை பற்றி யார் விவாதித்தாலும் வந்துவிடும் வரி, ‘நிறைந்த அரங்கத்தில் தீ, தீ என்று கத்த உரிமை கிடையாது.’ இது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ஒப்புமையின் கூர்மை புரியும்.

முதல் உலகப் போரின்போது சார்லஸ் ஷெங்க் என்ற சோஷலிஸ்ட், கட்டாய ராணுவச் சேவையை எதிர்த்துத் துண்டறிக்கை விநியோகித்தார். கட்டாயச் சேவை அடிமை முறையையும் கட்டாய உழைப்பையும் தடைசெய்யும், அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் 13-ஆவது திருத்தத்துக்கு முரணானது என்பது அதில் இருந்த வாதம். 1919 மார்ச் 3 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்குக் கொடுத்த தண்டனையை உறுதிசெய்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் பயன்படுத்திய ஒப்புமைதான் அது. அரங்கில் தீ என்று பொய்யாகக் கத்திப் பீதியைக் கிளப்புபவரைப் பேச்சுரிமை காப்பாற்றாது என்றார். ‘பொய்யாக’ என்ற சொல் பின்னாளில் மேற்கோள்களிலிருந்து உதிர்ந்துபோனது. ‘நிறைந்த’ என்பது ஒட்டிக்கொண்டது.

அரங்கில் கத்துவது ஏன் தவறு என்பதற்குக் காரணங்களைப் பிரித்துப் பார்ப்போம்.

1. சொல்வது பொய் என்று சொல்பவருக்குத் தெரியும்.
2. கேட்பவருக்கு யோசிக்கவோ விசாரிக்கவோ நேரம் இல்லை.
3. நெரிசலில் உடனே உயிர் போகலாம்.

துண்டறிக்கையில் இருந்தது ஓர் அரசியல் கருத்து. படித்தவர் அதை வீட்டுக்கு எடுத்துப் போகலாம், மறுக்கலாம், கிழித்துப் போடலாம். மூன்று காரணங்களில் ஒன்றுகூட அங்கே கிடையாது. இருந்தும் கேட்டவுடன் தலையாட்ட வைக்கும் உதாரணம், கேள்வியைக் கேட்கவிடாமல் செய்துவிட்டது. ஒரு வாரம் கழித்து அதே நீதிமன்றம், போர் எதிர்ப்புப் பேச்சுக்காக சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸுக்குக் கொடுக்கப்பட்ட பத்தாண்டுச் சிறையையும் உறுதிசெய்தது. உடனடியாகச் சட்டவிரோதச் செயலைத் தூண்டும் நோக்கமும் அது நடக்கும் வாய்ப்பும் இருந்தால் மட்டுமே பேச்சைத் தண்டிக்கலாம் என்ற கறாரான விதி வர 1969 வரை ஆனது. அந்த விதி ஒப்புமையாக இல்லாமல் நேரடி நிபந்தனையாக எழுதப்பட்டிருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

மனம் ஏன் இதில் விழுகிறது

உளவியலாளர் தாமஸ் கிலோவிச் 1981-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு நல்ல விளக்கம். அரசியல் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு கற்பனை நெருக்கடியைக் கொடுத்தார்: சிறிய நாடு ஒன்றைப் பெரிய நாடு மிரட்டுகிறது, அமெரிக்கா என்ன செய்ய வேண்டும்? ஒரு குழுவுக்குக் கொடுத்த விவரணையில் அகதிகள் ரயில் சரக்குப் பெட்டிகளில் தப்பினார்கள், கூட்டம் நடந்த அரங்கின் பெயர், இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் பிரதமரின் பெயர் தாங்கிய சர்ச்சில் அரங்கம். இன்னொரு குழுவுக்கு அகதிகள் சிறு படகுகளில் தப்பினார்கள், அரங்கின் பெயர் வியட்நாம் போர்க்கால வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க்கினுடையது. முதல் குழு தலையிட வேண்டும் என்ற பக்கம் அதிகம் சாய்ந்தது. அரங்கின் பெயருக்கும் நெருக்கடிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பழைய கதையின் சாயல் தெரிந்தாலே, அதன் முடிவையும் மனம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறது.

விவாதத்தில் நடக்கும் மூன்று குழப்பங்கள்

1. ‘இரண்டும் வேறு வேறு’ என்ற பதில். எந்த இரண்டு பொருளும் ஏதோ ஒரு விதத்தில் வேறுதான். இல்லாவிட்டால் அது ஒப்புமையே ஆகாது. வேறுபாட்டைச் சொன்னால் போதாது, அந்த வேறுபாடு முடிவை எப்படிப் பாதிக்கிறது என்று சொல்ல வேண்டும். நீதிபதி சாப்ரியா செய்தது இதைத்தான். குழந்தை உயிருள்ளது, கணினி உயிரற்றது என்று அவர் சொல்லவில்லை. பதிப்புரிமைச் சட்டம் காக்க நினைக்கும் சந்தையை எது எவ்வளவு பாதிக்கும் என்ற இடத்தில் வேறுபாட்டைக் காட்டினார்.

2. விவாதம் உவமானத்துக்குள் குடிபோவது. ஒருவர் ஓர் உவமானம் சொல்ல, மற்றவர் அதையே நீட்டித் திருப்பி அடிக்க, பத்து நிமிடத்தில் இருவரும் அசல் விஷயத்தை விட்டு உவமானத்தின் நுணுக்கங்களில் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். யார் ஜெயித்தாலும் அசல் கேள்வி தொட்ட இடத்திலேயே கிடக்கும். இதிலிருந்து வெளியே வர ஒரே வழி, ‘சரி, இந்த உதாரணத்திலிருந்து நீங்கள் எடுக்கும் விதி என்ன?’ என்று கேட்பது. விதி வெளியே வந்துவிட்டால் உதாரணம் இல்லாமலே அதைச் சோதிக்கலாம்.

3. ஒப்பிடுவதைச் சமப்படுத்துவதாக எடுத்துக்கொள்வது. இது சற்று விரிவாகச் சொல்ல வேண்டியது.

ஒருவர், ‘இந்த வழக்கம் பல நூறு ஆண்டுகளாக இருக்கிறது, ஆகவே சரியானதுதான்’ என்கிறார். மற்றவர், ‘அடிமை முறையும் பல நூறு ஆண்டுகள் இருந்ததே’ என்கிறார். உடனே முதலாமவர் கொதிக்கிறார்: ‘எங்கள் வழக்கத்தை அடிமை முறையோடு ஒப்பிடுகிறீர்களா?’

இந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் அது குறி தவறிய கோபம். இங்கே ஒப்பிடப்படுவது வழக்கங்கள் அல்ல, காரணங்கள். ‘நெடுங்காலம் இருந்தால் சரி’ என்ற விதியை முதலாமவர்தான் கொண்டுவந்தார். அந்த விதியை வேறோர் இடத்தில் வைத்தால், யாரும் ஏற்காத முடிவு வருகிறது. விதியில்தான் கோளாறு என்று காட்ட அந்த ஓர் இடம் போதும். இரண்டு வழக்கமும் ஒரே அளவு கொடியவை என்று அதற்குப் பொருளே இல்லை. ஒப்புமை மிக வலுவாக நிற்கும் இடமும் இதுதான், ஏனென்றால் விடுபட்ட வரி இங்கே விடுபடவில்லை. எதிராளியே அதைச் சொல்லிவிட்டார்.

இந்த வலுவுக்கும் ஓர் எல்லை உண்டு, அதை மறுப்பவர்களே அடிக்கடி தாண்டிவிடுகிறார்கள். அடிமை முறையைக் காட்டியதால் நிறுவப்பட்டது, பழமை மட்டும் போதுமான காரணம் அல்ல என்பது. அந்த வழக்கம் தவறானது என்று நிறுவப்படவில்லை. அதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதைக் கண்டுபிடிக்க அந்த வழக்கத்தையே நேராகப் பார்க்க வேண்டும்: யாருக்கு என்ன பயன், யாருக்கு என்ன பாதிப்பு, வேண்டாம் என்பவர் விலகிக்கொள்ள முடியுமா என்று.